பொட்டலத்தின் முன்பக்கம் யாருக்குச் சொந்தம்?

2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பழச்சாறு, பழச்சுவை பானம், அப்படியே குடிக்கும்படி அடைத்து விற்கப்படும் பானம் என எதிலும், வணிகப் பெயரின் ஒரு பகுதியாகக்கூட, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகள் இடம்பெறக் கூடாது என்பதே அதன் சாரம். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தையைக் காப்பாற்றுவதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலின் பெயர் அது. ஒரு லிட்டர் நீரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் என்று அந்த அளவுகள் கணக்காக வைக்கப்பட்டவை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும்போது குடல் நீரை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. சர்க்கரை அளவு கூடினால் நேர்மாறாக உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும், வயிற்றுப்போக்கு மோசமாகும். அந்தப் பெயரைத் தாங்கிய சர்க்கரை பானங்களை எதிர்த்து ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடிய பிறகுதான் இந்த உத்தரவு வந்தது.

இதே ஆணையம் 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் வெளியிட்ட உத்தரவுகள் அந்தப் பெயரை அனுமதித்திருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கலவை அன்று’ என்று லேபிளில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்பதுதான் அன்றைய நிபந்தனை. அந்த ஒரு வரியின் பயனை நான் ஒரு மருந்துக்கடையில் நேரில் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஓர் இளைஞர் “அண்ணே, ஓ.ஆர்.எஸ். குடுங்க” என்றார். “பவுடரா, ஜூஸா தம்பி? ஜூஸுன்னா ஆரஞ்சு இருக்கு, ஆப்பிள் இருக்கு” என்றார் கடைக்காரர். குழந்தை விரும்பிக் குடிக்கும் என்று ஆரஞ்சு வாங்கிப் போனார் அவர். அட்டைப் பெட்டியின் முகத்தில் பெரிய எழுத்தில் பெயரும் பழப்படமும் இருந்தன; மறுப்பு வரி ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, தந்தையும் அலட்சியமாக இருக்கவில்லை, நிறுவனமும் அன்றைய சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைக்குப் போக வேண்டியது போகவில்லை.

உணவு லேபிள் பற்றிய விவாதம் முழுவதும் என் பார்வையில் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய ஏற்பாட்டில் பொட்டலத்தின் முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் சட்டத்துக்கு. கடையில் நிற்பவர் பார்ப்பது முன்பக்கத்தை. எச்சரிக்கை இருப்பதோ பின்பக்கத்தில். இந்தப் பங்கீட்டை மாற்றாமல் பின்பக்கத்தில் எத்தனை கட்டங்கள் சேர்த்தாலும், அவை நிறுவனத்தின் சட்டப் பாதுகாப்புக்குப் பயன்படுமே ஒழிய உண்பவருக்குப் பயன்படா.

உணவுப் பாதுகாப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கலப்படம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பதாக ஆய்வகம் உறுதி செய்ததும் புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. துணிக்குப் போடும் சாயம் உணவில் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. மாதிரி எடுத்து, சோதித்து, தடை செய்துவிடலாம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் கதை அப்படிப்பட்டதன்று. அவற்றைத் தடை செய்ய முடியாது, தடை செய்யவும் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்று உண்பவருக்குப் புரியும்படி சொல்வது ஒன்றே அங்கே அரசின் கையிலிருக்கும் கருவி. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும் 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. புதுச்சேரியில் பெரியவர்களில் 26 விழுக்காட்டுக்கு மேல் நீரிழிவு. அடுத்த ஆண்டு ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவுப் பழக்கத்தோடு தொடர்புடையது என்றது. பஞ்சுமிட்டாய்ச் சாயத்துக்கு ஒரே வாரத்தில் தடை வந்த நாட்டில், இந்த நோய்ச் சுமைக்கு ஒரு முன்பக்க எச்சரிக்கை இன்னும் வரவில்லை.

பின்பக்கம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மருத்துவர் அவரிடம் சொன்னது, “உப்பைக் குறைச்சுக்கோங்கம்மா” என்பது. ஆனால் பொட்டலங்களில் பெரும்பாலும் உப்பு என்ற தலைப்பில் ஓர் எண் இருப்பதில்லை; சோடியம் என்றுதான் இருக்கிறது, அதுவும் மில்லிகிராமில். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு என்பது தெரிந்தவருக்கு மட்டுமே அந்த எண் பேசும். 100 கிராம் மிக்சரில் 900 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் அதில் 2.25 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் 5 கிராம் வரம்பில் அது கிட்டத்தட்டப் பாதி. ஆயிரத்துக்குள் ஏதோ ஓர் எண் என்று பார்க்கிறவருக்கும், ஒரு நாள் உப்பில் பாதி என்று அறிகிறவருக்கும் எவ்வளவு வேறுபாடு!

அடுத்தது ‘ஒரு முறை பரிமாறும் அளவு’. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள், ஒரு பரிமாறலில் கிடைக்கும் சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம், நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) போன்றவை ஒரு நாள் தேவையில் எத்தனை விழுக்காடு என்று அச்சிடச் சொல்கின்றன. அந்த ஒரு நாள் தேவை என்பது 2000 கிலோ கலோரி உண்ணும் சராசரிப் பெரியவருக்கானது. சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு அங்கே 50 கிராம். இப்போது, மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையான ஒரு மால்ட் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிராம் பொடியில் ஏறக்குறைய ஆறரை கிராம் சர்க்கரை. 13 விழுக்காடு என்று லேபிள் சொல்லும். ஆனால் அந்தப் பொடியைக் குடிப்பது ஐந்து வயதுப் பிள்ளை. அந்த வயதுக்கு ஒரு நாள் ஆற்றல் தேவை சுமார் 1360 கிலோ கலோரி. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை வைத்துப் பார்த்தால் மொத்தம் 34 கிராம்தான். நம் வீடுகளில் அந்தப் பாலில் மேலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவது வழக்கம் என்பதால் ஒரு டம்ளருக்குப் பதினான்கரை கிராம் ஆகிவிடுகிறது. காலையும் மாலையும் இரண்டு டம்ளர் குடித்தால் 29 கிராம். பிஸ்கட்டும் மிட்டாயும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. குழந்தைக்கென்றே விளம்பரம் செய்து விற்கும் ஒரு பொருளின் விழுக்காட்டைப் பெரியவரின் அளவுகோலில் போட அனுமதிக்கும் விதி எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் தருகிறது.

இந்தப் பொடிகளைப் பற்றி 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவை முன்வைத்து ஒருவர் வெளியிட்ட காணொலி நாடு முழுவதும் பரவியது. நிறுவனத்தின் வழக்கறிஞர் அறிவிப்பு வந்ததும் அவர் அதை நீக்கிவிட்டார். ஆனால் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டின் இறுதிக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை சுமார் 14 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லாமல் இத்தனை தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பெயரை நம்பி வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்த ஓர் எண்ணை யாரோ ஒருவர் முன்னால் கொண்டுவந்து காட்டியதும் நிறுவனம் கலவையையே மாற்றியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பொருட்களின் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரையை லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மறுபுறம், உணவில் சேர்க்கும் பொருட்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைக் கண்டாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளும் தவறானவை. ஐ.என்.எஸ். 330 என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. மக்கள் தேவையற்றதற்கு அஞ்சுவதும் அஞ்ச வேண்டியதை அறியாதிருப்பதும் ஒரே காரணத்தால் நேர்கின்றன: லேபிள் அவர்களிடம் பேசுவதில்லை.

பேசாததற்கு முதற்காரணம் மொழி. லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. வேறு மொழி கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ விற்கும் பொட்டலத்தில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லாதிருப்பது சட்டப்படி சரி. என் அம்மா நாள்தோறும் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தால் அவர் எழுத்தறியாதவர் ஆகிவிடுகிறார். விளம்பரம் மட்டும் தமிழில் வருகிறது, தொலைக்காட்சியில் நல்ல தமிழில் பாடுகிறது. வாங்கச் சொல்லத் தமிழ் வேண்டும், எச்சரிக்கத் தமிழ் வேண்டாம் என்ற நிலையை இத்தனை ஆண்டுகள் நாம் கேள்வி கேட்காமல் விட்டிருக்கிறோம்.

மொழி தேவைப்படாத ஒரு குறியீடு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. 2001இல் சைவ, அசைவ அடையாளங்களைக் கட்டாயமாக்கும் விதிகள் வரத் தொடங்கின. இன்று எந்தக் கிராமத்திலும் பாட்டியொருவர் பொட்டலத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பச்சைப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். எந்த நிறுவனமும் தன் முன்பக்க அழகு கெட்டுவிட்டதாகச் சொல்லி வணிகத்தை மூடவில்லை. படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு கணத்தில் புரியும் குறியீட்டை இந்தியா முழுவதும் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பின் ஏன் சர்க்கரைக்கும் உப்புக்கும் அது வரவில்லை? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வெளியிட்ட வரைவில் வரம்பு மீறிய கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றை முன்பக்கத்தில் சிவப்பு நிறத்தில் காட்ட வேண்டும் என்று இருந்தது. தொழில்துறை எதிர்த்தது. 2020இல் இறுதி விதிமுறைகள் வந்தபோது அந்தப் பகுதி இல்லை. 2022 செப்டம்பரில் புதிய வரைவு வந்தது. அதில் எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரங்கள் இருந்தன. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. அதுவும் முதல் நான்கு ஆண்டுகளுக்கு விருப்பம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன.

நட்சத்திர முறையை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். அது சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு ஆகியவற்றுக்கு எதிர்மதிப்பெண் போட்டு, புரதம், நார்ச்சத்து, பருப்பு, பழம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கூட்டி, இரண்டையும் கழித்து ஒரே எண்ணாகத் தருகிறது. உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு பிஸ்கட்டில் கொஞ்சம் ஓட்ஸ் சேர்ப்பதால் அதிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் ஏறாமல் நின்றுவிடாது. அதோடு, நட்சத்திரம் என்பது நம் ஊரில் பாராட்டின் அடையாளம். இரண்டு நட்சத்திரம் வாங்கிய சிப்ஸும் ஏதோ தேர்ச்சி பெற்றது போலத்தான் தோன்றும். இந்த முறை 2014 முதல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறது. அங்கே மைலோ என்ற மால்ட் பொடியின் டப்பாவில் நாலரை நட்சத்திரம் இருந்தது. பொடியைக் கொழுப்பு நீக்கிய பாலில் கலந்தால் வரும் மதிப்பு அது. பொடிக்கு மட்டும் கணக்கிட்டால் ஒன்றரைதான். பொதுச் சுகாதார அமைப்புகள் விடாமல் கேட்ட பிறகு 2018இல் அதைத் தயாரிக்கும் நெஸ்லே அந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டது. பால் குடிக்கும் பழக்கமும் மால்ட் பொடியும் பிணைந்திருக்கும் நம் நாட்டில் அதே கணக்கு எப்படியெல்லாம் விளையாடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிலி நாடு வேறு வழியில் சென்றது. 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வரம்பு மீறிய ஒவ்வொன்றுக்கும் முன்பக்கத்தில் ஒரு கறுப்பு எண்கோணம்: ‘சர்க்கரை அதிகம்’, ‘சோடியம் அதிகம்’, ‘நிறைகொழுப்பு அதிகம்’, ‘கலோரி அதிகம்’. எண்கோணம் பெற்ற பொருளைப் பள்ளிகளில் விற்க முடியாது. அதன் பொட்டலத்தில் குழந்தைகளை ஈர்க்கும் கார்ட்டூன் உருவங்களைப் போட முடியாது. வரம்புகள் 2018இலும் 2019இலும் படிப்படியாக இறுக்கப்பட்டன. சட்டத்தின் முதற்கட்டத்தில் வரம்பு மீறிய இனிப்பு பானங்களை மக்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. பெரு, மெக்சிகோ, உருகுவே என்று பிற இலத்தீன் அமெரிக்க நாடுகள் பின்தொடர்ந்தன. தொலைவுக்கே போக வேண்டாம்; இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களுக்கு நிறக்குறியீடு கட்டாயம். 2016 விதிப்படி, 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு. யாழ்ப்பாணத்துக் கடையில் நிற்பவருக்கு உள்ள இந்த வசதி இராமேசுவரத்துக் கடையில் நிற்பவருக்கு இல்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் மதித்துப் பதில் சொல்ல விரும்புகிறேன். எச்சரிக்கைக் குறி வந்தால் நம் மரபு உணவுகளுக்கெல்லாம் அது விழும். நெய்யும் ஊறுகாயும் முறுக்கும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அயல்நாட்டு நொறுக்குத்தீனியோடு ஒரே வரிசையில் நிற்கும் என்கிறார்கள். கடைசி இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற, சிறு குடும்பங்கள் கைப்படச் செய்யும் பண்டங்கள். அந்தக் கவலை பொய்யன்று. ஆனால் பால்கோவாவில் சர்க்கரை அதிகம் என்பது உண்மைதானே. அது தெரிந்துதான் நாம் அதைக் கொஞ்சமாக, விருந்தாளி வந்த நாளில், திருவிழாவில் உண்கிறோம். பால்கோவா தன்னை ஆரோக்கிய உணவு என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. மறைந்து நிற்கும் சர்க்கரைக்குத்தான் குறி தேவை: சத்துப் பானத்திலும், ‘முழுக்கோதுமை’ பிஸ்கட்டிலும், காலை உணவுத் தானியத்திலும், சாஸிலும் உள்ள சர்க்கரைக்கு. சிறு உற்பத்தியாளர்களுக்குக் கூடுதல் கால அவகாசமும் அச்சுச் செலவில் உதவியும் தரலாம். சமையலுக்குப் பயன்படும் தனிப் பொருட்களான நெய், எண்ணெய், வெல்லம் ஆகியவற்றுக்கு விலக்கும் தரலாம். பெரு நிறுவனங்களின் கோலா பாட்டிலைக் காப்பாற்றக் கோவில்பட்டிப் பெண்களை முன்னிறுத்துவதை மட்டும் நாம் ஏற்கக் கூடாது.

அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. பரப்பளவு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இல்லாத சிறு பொட்டலங்களுக்கு ஊட்டச்சத்து விவரம், பொருட்களின் பட்டியல் ஆகியவற்றிலிருந்து விதிமுறையே விலக்கு அளிக்கிறது; அவை அடங்கிய பெரிய பொதியில் இருந்தால் போதும். அந்தப் பெரிய பொதி கடைக்காரரின் கையில் பிரிந்து, குப்பைக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூட வாசலில் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் மிட்டாய் வாங்கும் பிள்ளையின் கையில் வருவது விவரமே இல்லாத உறை. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் ஏழைக் குடும்பங்களுக்குத்தான் இந்த விலக்கு அதிகமாகப் போய்ச் சேர்கிறது. ஊட்டச்சத்துக் கட்டம் முழுவதையும் அந்தச் சிறு உறையில் அச்சிட இடமில்லை என்பதை ஏற்கலாம். பச்சைப் புள்ளி அளவுள்ள ஒரு கறுப்புக் குறிக்கு இடம் இருக்கிறது.

பொதுநல வழக்கொன்றில் 2025 ஏப்ரல் 9 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, முன்பக்க லேபிள் குறித்து மூன்று மாதங்களுக்குள் முடிவான பரிந்துரையைத் தரும்படி உத்தரவிட்டது. ஜூலையில் மேலும் மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. 2018இல் தொடங்கிய ஒரு வரைவுக்கு இத்தனை அவகாசம். அடுத்த வரைவு பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்படும்போது தொழில்துறையின் கடிதங்கள் கட்டாயம் போகும். நம் கடிதங்களும் போக வேண்டும். முன்பக்கத்தில் எச்சரிக்கைக் குறி கட்டாயமாக வேண்டும், நட்சத்திரம் வேண்டாம் என்று நான் எழுதுவேன். சோடியத்துக்குப் பக்கத்தில் உப்பு எவ்வளவு என்று போடச் சொல்வேன். குழந்தைகளுக்கென்று விற்கும் பொருளுக்குக் குழந்தையின் அளவுகோலைக் கேட்பேன். தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் எச்சரிக்கையும் ஒவ்வாமைக் குறிப்பும் காலாவதித் தேதியும் தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, அந்தக் கடிதத்தைத் தமிழிலேயே அனுப்புவேன்.